கிணற்றடியில் மெய்யியல்: அன்றாட வாழ்வின் ஆத்மீகமும் மு. தளையசிங்கமும்

1

அன்றாட வாழ்விலேயே ஆத்மீகப் பொருளைக் காணவேண்டும் என்னும் கருத்து எம்மிடையே புதியதன்று. கோயில் பிரசங்கங்களிலும் குருபூசை மலர்களிலும் அது மீண்டும் மீண்டும் கூறப்பட்டு வந்துள்ளது. உண்பதும் உழைப்பதும் உறங்குவதும் வழிபாடாகலாம் என்பர். முற்போக்கு நோக்குடைய வாசகர் இக்கருத்தை ஐயத்துடனேயே அணுகுவர், அவ்வையம் நியாயமானது. உழைப்பு வழிபாடு என்று ஒருவர் கூறும்போது, அவ்வாறு கூறுபவர் யார், உழைப்பவர் யார் என்ற வினா உடன் எழுகின்றது. இருவரும் ஒருவரே அல்லாதவிடத்து அக்கூற்று ஆறுதலாக மட்டுமன்றி அடக்குமுறையின் கருவியாகவும் அமைந்துவிடக் கூடும்.

எனினும், ஐயுறுவதோடு விமர்சனத்தின் பணி முடிந்துவிடுவதில்லை. அன்றாட வாழ்வின் ஆத்மீகம் எனப்படுவது ஒன்றா, பலவா? அது எவ்விடத்தில் நடப்பு வாழ்வுக்கு உடன்பாடாகின்றது, எவ்விடத்தில் அதனை எதிர்த்து நிற்கின்றது? இவ்வினாக்களை ஈழத்து இலக்கியத்தில் மிகக் கூர்மையாக எழுப்பியவர் புங்குடுதீவைச் சேர்ந்த மு. தளையசிங்கம் (1935-1973). அவரது சிந்தனையை ஓர் எளிய பொருளை அளவுகோலாகக் கொண்டு இங்கு மதிப்பிட முயல்வோம். அப்பொருள் தண்ணீர்.

2

முதலில் மரபினைச் சிறிது நோக்குவோம். அன்றாடத் தொழிலை ஆத்மீகமாகக் கண்ட தமிழ் நூல்களுள் சேக்கிழாரின் பெரியபுராணம் தலையாயது. பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்நூலில் துணி வெளுப்பவரும் மட்கலம் வனைபவரும் மீன் பிடிப்பவரும் அடியார்களாகப் போற்றப்படுகின்றனர். திருக்குறிப்புத் தொண்டருக்கு ஆடை வெளுத்தலும் அதிபத்தருக்கு வலை வீசுதலும் தொண்டாயின. தொழிலை விட்டு விலகியன்றித் தொழிலினூடாகவே இறைவனை அடையலாம் என்ற இச்செய்தி அக்காலத்தில் மதிப்புமிக்கதொன்றேயாகும்.

அந்நூலில் தண்ணீரும் இடம்பெறுகின்றது. திங்களூரில் அப்பூதியடிகள் திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப் பந்தல் அமைத்தார். வழிப்போக்கரின் தாகம் தீர்ப்பதே அங்கு குருபக்தியின் வெளிப்பாடாகிறது. திருநாளைப் போவாராகிய நந்தனாரோ திருப்புன்கூரிலே கோயிலின் அருகே குளம் தோண்டினார். ஆனால் குளம் தோண்டிய அவர் கோயிலுள்ளே புகமுடியாதவராகவே இருந்தார். தில்லையில் அவர் தீயில் மூழ்கி, பூணூல் அணிந்த முனிவராக வெளிப்பட்ட பின்னரே சந்நிதியை அடைகின்றார். சந்நிதியை அடைந்தவர் குளம் தோண்டிய நந்தனார் அல்லர். அவருடைய உருவும் அடையாளமும் தீயோடு போய்விடுகின்றன.

இதனைக் கொண்டு சேக்கிழாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எமது நோக்கமன்று. வரலாற்று எல்லைகளை மறந்த விமர்சனம் விமர்சனமாகாது. ஆயின் பக்தி இயக்கம் எம்மிடம் விட்டுச்சென்ற சிக்கலை இங்கு தெளிவாகக் காணலாம். அது தொழிலைப் புனிதமாக்கியது. தொழிலோடு பிணைந்த ஏற்றத்தாழ்வை அப்படியே விட்டுவிட்டது.

3

தளையசிங்கம் இம்மரபின் வாரிசாகவும் அதன் விமர்சகராகவும் ஒருங்கே விளங்கினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பயின்று ஆசிரியராகப் பணியாற்றிய அவர், 'புதுயுகம் பிறக்கிறது' (1965) என்ற சிறுகதைத் தொகுதியின் மூலமாகவும் 'போர்ப்பறை' (1970) என்ற நூலின் மூலமாகவும் அறியப்பட்டார். 'மெய்யுள்' அவர் மறைவின் பின் 1974இல் வெளிவந்தது. 1956 முதல் 1963 வரையிலான ஈழத்து இலக்கியத்தை ஆராய்ந்த 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' முற்போக்கு அணியினரோடு அவர் நடத்திய கடுமையான விவாதத்தின் பதிவாகும்.

அவரது கருத்தின் சாரத்தைப் பின்வருமாறு தொகுக்கலாம். சடம், உயிர், மனம் எனப் படிப்படியாக விரிந்துவந்த பரிணாமம் மனத்தோடு நின்றுவிடப் போவதில்லை. அதனினும் உயர்ந்த ஒரு நிலைக்கு மனித குலம் முழுவதும் செல்லவிருக்கின்றது. இங்கு அரவிந்தரின் செல்வாக்கினை எளிதில் இனங்காணலாம். இப்பெருந்திட்டத்தினும் பார்க்க எமது கவனத்துக்குரியது, அதிலிருந்து அவர் பெற்ற நடைமுறை முடிபு. ஆத்மீகம் துறவிக்கும் கலை கலைஞனுக்கும் உழைப்பு தொழிலாளிக்கும் எனப் பிரிந்து கிடப்பதே நோயின் அறிகுறி என அவர் கருதினார். வரவேண்டிய சமுதாயத்தில் ஒவ்வொரு தொழிலும் கலையின் நிறைவையும் சாதனையின் விழிப்பையும் பெறவேண்டும். பொழுதுபோக்காக எழுதப்படும் இலக்கியத்தை அவர் சாடியதும் இதனாலேயே. பொழுது போக்கப்படவேண்டியதாக இருப்பதே வாழ்வின் வறுமை அல்லவா?

4

இக்கோட்பாட்டின் குறைகளை மூடிமறைத்தல் ஆகாது. பரிணாமப் படிநிலை பற்றிய அவரது விளக்கம் சமூக உறவுகளின் மாற்றத்தைப் போதியளவு விளக்குவதில்லை. மனித குலம் என்று அவர் பொதுப்படப் பேசும்போது, நிலமுடையோரும் நிலமற்றோரும் ஒரே படியில் நின்று அடுத்த படிக்கு ஏறக் காத்திருப்பவர் போலத் தோன்றுகின்றனர்.

யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டத்தை எண்ணிப் பார்ப்போம். துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நாள் முழுவதும் நீர் இறைத்தவனுக்கு அவ்வுழைப்பு யோகமாகாமைக்கு அவனது மனநிலை மட்டுமா காரணம்? நிலமும் கிணறும் விளைச்சலும் பிறருடையனவாக இருந்தன. தோட்டத்துக்கு நீர் இறைத்த கைகள் குடிநீருக்காகக் குடத்துடன் காத்திருக்க நேர்ந்தது. கிணற்றைத் தொடும் உரிமையுடையவர் வந்து வார்த்தாலன்றிக் குடம் நிரம்பாது. இத்தகைய வாழ்வினை உள்ளவாறே வைத்துக்கொண்டு, அதனுள் பொருள் காணும்படி கூறுவது ஆத்மீகமாகாது.

முற்போக்கு இலக்கியம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. டொமினிக் ஜீவா தமது சிறுகதைத் தொகுதிக்குத் 'தண்ணீரும் கண்ணீரும்' எனப் பெயரிட்டதும், கே. டானியல் தமது நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' எனப் பெயரிட்டதும் தற்செயலானவை அல்ல. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலமும், அதனைத் தொடர்ந்து தேநீர்க்கடைகளிலும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலும் நடைபெற்ற போராட்டங்களும் அன்றாட வாழ்வையே அரசியற் களமாக்கின. ஒரு குவளைத் தேநீரும் ஒரு வாளித் தண்ணீரும் மனித மாண்பின் அளவைகளாயின.

5

தளையசிங்கத்தின் எழுத்தை மட்டும் படித்து நிறுத்தியிருந்தால், அவரைக் கருத்துமுதல்வாதி எனக் கூறி எமது மதிப்பீட்டை இவ்விடத்தில் முடித்திருக்கலாம். அவ்வாறு முடிக்க இடந்தராதது 1971இல் புங்குடுதீவில் நிகழ்ந்த நிகழ்ச்சியாகும்.

சுண்ணக்கற் பாறையாலான அத்தீவில், கடல்நீருக்கு மேலே மெல்லிய படையாகத் தேங்கும் மழைநீரே நன்னீர். கிணறுகள் பல உவர்ப்புடையன. நல்ல நீர் தரும் கிணறு ஊரின் செல்வம். கண்ணகி அம்மன் கோயிலை அண்டிய நன்னீர்க் கிணற்றிலே தாழ்த்தப்பட்ட மக்களும் நீர் அள்ளவேண்டும் எனக் கோரித் தளையசிங்கம் சத்தியாக்கிரகத்தில் ஈடுபட்டார். அதன்பொருட்டுப் பொலிஸாரின் தாக்குதலுக்கு உள்ளானார். அதன் பின் நோயுற்று, நாற்பது வயதை எட்டாமலே 1973இல் மறைந்தார்.

சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957லேயே நிறைவேற்றப்பட்டிருந்தது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது. பதினான்கு ஆண்டுகள் கழிந்தும் சட்டப் புத்தகத்தில் இருந்த உரிமை கிணற்றுக் கயிறுவரை வந்து சேரவில்லை.

அச்செயலை அவரது கோட்பாட்டோடு தொடர்பற்ற தனிப்பட்ட துணிவு என்று கொள்ளல் தவறாகும். தியானமும் தொழிலும் வேறல்ல என்று கூறிய ஒருவர், அயலவன் வெறுங்குடத்துடன் நிற்கும்போது கண்மூடி அமர்ந்திருத்தல் இயலாது. அவர் எழுத்தின் தருக்கமே அவரைக் கிணற்றடிக்கு இட்டுச் சென்றது. அதேவேளை, கோட்பாட்டில் இல்லாதிருந்த ஒன்றையும் அச்செயல் கொண்டுவந்து சேர்த்தது. நூலிலே பொதுப்படப் பேசப்பட்ட மனித குலம், கிணற்றடியிலே அள்ளுவோர், காத்திருப்போர் என இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்பிரிவின் முன்னிலையில் அவர் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டார்.

சாதியை மனத்தின் அகங்காரமாகக் கண்ட அவரும், அதனை நிலவுடைமை உறவின் விளைவாகக் கண்ட மாக்சியரும் வெவ்வேறு வழிகளில் நடந்து ஒரே இடத்தை அடைந்தனர். இரு விளக்கங்களும் ஒன்றே என நாம் வாதிடவில்லை. நில உறவு மாறாமல் அகங்காரம் தானே கரைந்துவிடும் என்பதும், நில உறவு மாறியவுடன் அகங்காரம் தானே மறைந்துவிடும் என்பதும் ஒருபோல் எளிமைப்பட்ட நம்பிக்கைகள். புலம்பெயர்ந்து, நிலமும் கிணறும் அற்ற நகரங்களில் வாழும் எம்மவரின் திருமணப் பேச்சுகளில் சாதி இன்னும் விசாரிக்கப்படுவது இரண்டாவது நம்பிக்கைக்கு ஒரு பாடமாகும்.

6

தளையசிங்கம் மறைந்து அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவரைப் பற்றிய எமது வாசிப்பிலே இரு தவறுகள் நிலைத்துள்ளன. முற்போக்கு விமர்சனம் பெரும்பாலும் அவரது நூல்களோடு வாதிட்டது. கிணற்றடிக்கு அவற்றிலிருந்து சென்ற வழியை உரியவாறு ஆராயவில்லை. இதனை எம்மையும் உள்ளடக்கிய குறையாகவே கூறுகின்றோம். மறுபுறத்தில் அவரைப் போற்றுவோர் பலர் அவரது மெய்ஞ்ஞானத்தை விரித்துரைக்கும்போது கிணற்றை வாழ்க்கைக் குறிப்பின் ஒரு வரியாகச் சுருக்கிவிடுகின்றனர். கிணற்றை நீக்கிவிட்டால் 'மெய்யுள்' மற்றுமோர் உபதேச நூலாகிவிடும்.

அன்றாட வாழ்வில் ஆத்மீக வழிகாட்டல் தருவதாகக் கூறும் எழுத்துக்கள் இன்றும் பெருகி வருகின்றன. அவற்றை மதிப்பிடுவதற்கு இந்நிகழ்ச்சி எமக்கு ஓர் உரைகல்லைத் தந்துள்ளது. அவ்வெழுத்து, குடத்துடன் காத்திருப்பவனுக்குப் பொறுமையைப் போதிக்கின்றதா, அன்றேல் கயிற்றைப் பற்றியிருப்பவனின் கையைப் பார்த்துக் கேள்வி கேட்கின்றதா? முதலாவதை எவ்வளவு இனிய தமிழில் எழுதினும் நாம் ஏற்பதற்கில்லை. இரண்டாவதைச் செய்யும் எழுத்து கடவுளின் பெயரால் வந்தாலும் வரலாற்றின் பெயரால் வந்தாலும், அதனோடு உரையாடும் கடமை எமக்கு உண்டு.