மீம்களும் மலையகத்துக் கேலியும்

இணையத்தில் உலவும் ‘மீம்’ எனும் கேலிப்படங்களைக் கண்டு நமது பண்டிதர்கள் சிலர் முகஞ்சுளிக்கின்றனர். இலக்கணமில்லை, கண்ணியமில்லை, ஆக்கியோன் பெயர்கூட இல்லை என்பது அவர்தம் வாதம். 1960களின் முற்பகுதியில் ஈழத்து முற்போக்கு எழுத்தாளர்கள் உழைக்கும் மக்களின் பேச்சுமொழியைக் கதைகளிற் கையாண்டபோது, ‘இழிசனர் இலக்கியம்’ என்று பழித்த குரலின் எதிரொலியே இது. இதற்கு நாம் அன்றே பதில் சொல்லிவிட்டோம்.

பெயரின்மை குற்றமாகாது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கோப்பித் தோட்டங்களுக்கு வந்தோர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் மடிந்தோர் பலர். வந்து சேர்ந்தவர்களும் அவர்தம் சந்ததியினரும் துரையையும் கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் பாட்டிலே வைத்துக் கேலி செய்தனர். கொழுந்து நிறையிற் குறைந்தால் ‘அரைப்பேர்’ போடும் கணக்கை நேரிற் கேட்டவருக்கு வேலை நிலைக்காது. பாட்டிலே கேட்டால் பாடியவர் இவர்தாமென்று யார் சாட்சி சொல்வது? சி. வி. வேலுப்பிள்ளை அப்பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் அவற்றின் சுவையை இன்று நாம் அறிகிறோம்.

மீமின் இயல்பும் ஏறத்தாழ இதுவே. ஒருவர் தொடங்கியதை மற்றொருவர் மாற்றுகிறார். மூன்றாமவர் தம் ஊருக்கேற்பத் திருத்திக்கொள்கிறார். தமிழ் மீம்களில் அடிக்கடி தோன்றும் வடிவேலுவின் முகத்தைப் பாருங்கள். அது வீறாப்புப் பேசி அடிவாங்கும் எளியவனின் முகம். அதிகாரத்தின் முன் தன் நிலையைச் சொல்ல இளைஞன் அம்முகத்தைத் தேர்ந்துகொள்வதில் ஒரு வர்க்க உணர்வின் சாயல் இருக்கிறது. (வர்க்க உணர்வே இருக்கிறது என்று துணிய நாம் தயாராக இல்லை.)

இதன் வலிமையை 2022ஆம் ஆண்டு காட்டியது. பதின்மூன்று மணிநேர மின்வெட்டும் எரிவாயு வரிசையும் மக்களை வாட்டிய வேளையில், நிதியமைச்சராயிருந்த பசில் ராஜபக்சவின் பெயரோடு காகத்தின் கரைதலைச் சேர்த்த கேலி, கைத்தொலைபேசியிலிருந்து வீதிக்கு இறங்கிக் கூட்டுக் கோஷமாயிற்று. ஏப்ரல் 3ஆம் திகதி அரசு சமூக ஊடகங்களை முடக்கியது. அன்றைய தினமே தடையை நீக்கவும் நேர்ந்தது. ஜூலையில் ஜனாதிபதி கோட்டாபய நாட்டைவிட்டே ஓடினார். 2024இல் வந்த 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை, ஆளுவோர் சிரிப்புக்கு அஞ்சியதன் சான்றாகவும் படிக்கலாம்.

ஆயினும் நமது மனக்குறை வேறு. அக்கேலி ஒரு குடும்பத்தைச் சிரித்தே சிறுமைப்படுத்தியது. அக்குடும்பத்துக்கு இடங்கொடுத்த அமைப்பை அது பெரும்பாலும் தொடவில்லை. அதே காலிமுகத் திடலில், 2018 ஒக்டோபர் 24 அன்று, மலையக இளைஞர்கள் முகநூல் வழியே அழைத்துத் திரண்டு, கறுப்புடை தரித்து, ஆயிரம் ரூபா நாட்சம்பளங் கேட்டனர். அந்த ஆயிரம் 2021 மார்ச்சிலேதான் வந்தது. வந்தவுடன் பல தோட்டங்களில் பறிக்கவேண்டிய கொழுந்தின் நிறையை உயர்த்தினார்கள். அங்கதத்துக்கு இதனினும் வளமான பொருள் வேறுண்டா? 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தை எட்டியபோது இறத்தோட்டையிலும் எல்கடுவையிலும் லயத்துக் குடும்பங்கள் அந்த ஆயிரத்தை வைத்து எதை உண்டன? தலைநகரின் கேலிப்படங்களில் அவ்வடுப்பை நாம் அரிதாகவே கண்டோம்.

அரிதாகக் கண்டதிலும் ஒரு பகுதி கசப்பானது. தமிழ் மீம்களிலேயே தோட்டத்து மக்களின் பேச்சும் உடையும் நகைப்புக்குரியனவாகின்றன. ‘தோட்டக்காட்டான்’ என்ற பழைய வசை புதுப்படம் அணிந்து வருகிறது. இங்கே சிரிப்பவன் கங்காணியின் பக்கம் நிற்கிறான். தன்னை நவீனன் என்று அவன் எண்ணிக்கொள்வதால் நிலைமை மாறிவிடாது. அயலிலுள்ள கண்டி மாவட்டத்தில் 2018 மார்ச்சில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தபோது வெறுப்பைச் சுமந்து சென்றதும் இதே கருவிதான். பண்டிதர்கள் கேட்கும் ‘கண்ணியம்’ இவ்விடத்தில் நமக்கு உதவாது. கண்ணியமான மொழியிலும் எளியோரை இழிவுசெய்யலாம். யாரை நோக்கிச் சிரிக்கிறோம் என்பதே விமர்சகன் கேட்கவேண்டிய கேள்வி.

மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைந்து 2023 ஜூலை 28இல் தலைமன்னாரிற் புறப்பட்ட நடைபயணம், 252 கிலோமீற்றர் கடந்து ஓகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. மூதாதையர் நடந்த தடத்தில் நடந்த அவ்விளைஞர்களிடம் பாட்டிமாரின் ஏளனம் இன்னும் உயிரோடிருக்கிறது. அன்று கங்காணி வாங்கிக் கட்டிக்கொண்ட கேலியை இன்றைய தோட்டக் கம்பனிகள் இன்னும் வாங்கவில்லை.