மயிற்பொறியும் எஞ்சினும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தில் வரும் மயிற்பொறியைப் பாடஞ்சொல்லும்போது, பழந்தமிழர் விமானம் செய்து பறந்தனர் என்று முடித்துவிடும் வழக்கம் ஆசிரியர் சிலரிடம் உண்டு. மாணவர் மகிழ்வர். ஆயின் திருத்தக்கதேவர் சொன்னது அதுதானா என்பதை நூலைக்கொண்டே ஆராய்தல் வேண்டும்.

அமைச்சன் கட்டியங்காரனிடம் அரசை ஒப்படைத்த சச்சந்தன், விசயை கண்ட கனவால் வரவிருக்கும் கேட்டை உணர்கிறான். கருவுற்ற தேவியைக் காக்க, மயில் வடிவில் ஒரு பொறி செய்விக்கிறான். துணி, பயின், நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றால் ஏழு நாளில் அது முடிந்தது என்கிறார் புலவர். வலமாகத் திருகினால் எழும்; இடமாகத் திருகினால் இறங்கும். தேவி அதனைச் செலுத்தப் பழகிக்கொள்கிறாள்.

இப்பொருள்களை நோக்குங்கால் வியப்புண்டாகும். 1929-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துச் செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில், பெர்னார்டு பீட்டன்பால் என்பார் தம் கையாற் கட்டிய 'ஏர் கேம்பர்' விமானத்தின் உடலும் மரம், பசை, துணி ஆகியவற்றால் ஆனதே. துணியின்மேல் பூச்சுப் பூசி இறுக்குவர். பயினும் அரக்கும் செய்யும் வேலை அதுவே. பறப்பதற்குரிய உடல் இலேசாக இருத்தல் வேண்டும் என்பதைப் புலவர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஆயின் பீட்டன்பாலின் வெற்றி உடலில் மட்டும் இல்லை. விலை மிகுந்த விமான எஞ்சினுக்கு மாறாக, ஃபோர்டு 'மாடல் ஏ' காரின் எஞ்சினை அவர் பொருத்தினார். அதன் ஆற்றல் ஏறத்தாழ 40 குதிரைத்திறன். நிமிடத்துக்கு 2,200 சுற்றளவிலேயே அது முழு ஆற்றலையும் தந்தமையால், காற்றாடியை அதன் தண்டிலேயே நேராக மாட்ட முடிந்தது. பிற்காலக் கார் எஞ்சின்கள் பல 5,000 சுற்றளவில் ஓடினாற்றான் முழு ஆற்றல் தரும். அவ்வேகத்தில் காற்றாடி சுழன்றால் அதன் நுனி ஒலியின் வேகத்தையும் தாண்டும்; இழுக்கும் திறன் குன்றும். எனவே இடையே பல்சக்கரமோ வாரோ அமைத்து வேகத்தைக் குறைப்பர். அங்குத் தோன்றும் அதிர்வு தண்டையே முறித்துவிடுதலும் உண்டு. மேலும், சாலையிற் செல்லும் கார் தன் ஆற்றலில் சிறு பகுதியையே செலவிடும். விமானமோ முக்காற் பங்கை மணிக்கணக்கில் கேட்கும்.

இவ்விடர்களுள் ஒன்றேனும் சிந்தாமணியில் இல்லை. பொறியைத் திருகும் கையைப் புலவர் காட்டுகிறார். அதனை உயர்த்தும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்று கூறவில்லை. அது குறையன்று, அவர் இயற்றியது காப்பியம். உதயணனைச் சிறைப்பிடிக்க உதவிய பெருங்கதையின் பொறியானையும் இத்தகையதே. கட்டியங்காரனின் வெற்றி முரசு கேட்டு விசயை மயங்குகிறாள். பொறி சுடுகாட்டில் இறங்குகிறது. அங்கே சீவகன் பிறக்கிறான். அரண்மனையிற் பிறக்க வேண்டியவன் ஈமத்தீயின் ஒளியிற் பிறக்கிறான். நிலையாமை கூறும் சமண காப்பியத்தில் மயிற்பொறிக்கு உரிய பணி இதுவே. விமானப் பெருமை பேசுவோர் இவ்விடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர்.

பாயான் லெப்பாஸில் விமானம் இறங்குவதை நாள்தோறும் காணும் பினாங்கு மாணவன், "மயிலுக்கு எஞ்சின் எது?" என்று கேட்கக்கூடும். அவ்வினாவை அடக்குதல் தகாது. புலவரின் கற்பனை இன்னது, பட்டறையில் உழைத்தோர் கண்ட அறிவு இன்னது என்று பிரித்துக் காட்டினால், அவன் சிந்தாமணியையும் விரும்பிப் படிப்பான். எஞ்சினையும் திறந்து பார்ப்பான்.