எழுவர் குரலும் ஓர் இசைக்குழுவும்

நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவின் குடிவரவு நிலையம் 1892 முதல் 1954 வரை இயங்கிற்று. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் மக்கள் அதன் வழியே அமெரிக்க மண்ணில் கால்வைத்தனர். அவர்களுள் பலர் பிற்காலத்தில் தம் வாய்மொழியாய்க் கூறிய நினைவுகள் ஒலிப்பதிவாகக் காக்கப்பட்டுள்ளன. அவற்றினின்று எழுவரின் சொற்களைத் தெரிந்தெடுத்து, நடிகர்கள் பேச இசைக்குழு உடன் ஒலிக்கும் படைப்பொன்றை அமெரிக்க இசையமைப்பாளர் பீட்டர் பாயர் ஆக்கினார். ‘எல்லிஸ் தீவு: அமெரிக்கா எனும் கனவு’ என்னும் அது 2002இல் அரங்கேறி, 2005இல் இசைத்தட்டாக வெளிவந்தது.

இதில் பாடகர் எவருமில்லை. பேச்சு பேச்சாகவே நிற்கிறது. ஒருவர் சொல்லி முடித்ததும் மற்றவர் உடனே தொடங்குவதில்லை. இடையில் இசை மட்டும் ஒலிக்கிறது. கேட்டதை நெஞ்சில் இறக்கிவைக்க நமக்குக் கிடைக்கும் அவகாசம் அது. படைப்பின் உயிர் அங்கேதான் உள்ளது என்பேன்.

1940இல் பெல்ஜியத்திலிருந்து வந்த பெண்ணின் பகுதியைக் கேளுங்கள். நாசிகளிடமிருந்து தான் தப்பியதையும், தன் குடும்பத்தார் ஔஷ்விட்சில் மாண்டதையும் அவள் உரைக்கிறாள். அச்சொற்களுக்கு அணி எதுவும் தேவைப்படவில்லை. (குருத்து ஞாயிறன்று திருப்பாடுகளைப் பலர் குரலில் வாசிக்கையில், நடிக்க முயல்பவரைவிட நிதானமாய்ப் படிப்பவரே நெஞ்சைத் தொடுகிறார். பங்கில் ஆண்டுதோறும் காண்கிறேன்.)

என் மனக்குறை முடிவுரை பற்றியது. எம்மா லாசரஸ் 1883இல் இயற்றி, 1903இல் சுதந்திரதேவி சிலையின் பீடத்தில் பொறிக்கப்பெற்ற கவிதையோடு படைப்பு நிறைவுறுகிறது. இசை ஓங்குகிறது, திரைப்பட முடிவு போன்றதொரு பெருமிதம். கதவு எவர்க்கும் திறந்தே இருந்தது போலும்! நூற்றுக்கு இருவரளவில் அத்தீவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அவர்களுள் ஒருவரும் இவ்வெழுவரில் இல்லை. தென் ஐரோப்பியர்க்கும் கிழக்கு ஐரோப்பியர்க்கும் வாயிலை மிகக் குறுக்கியது 1924ஆம் ஆண்டுச் சட்டம். 1928இல் வந்த இத்தாலியச் சிறுமி அக்குறுகிய வாயிலில் நுழைந்தவள். இசைக்கு இது தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மறுமுறை கேட்டபோது, எழுவரும் பேசி முடித்ததும் இசைத்தட்டை நிறுத்திவிட்டேன்.