நான்கு ஆணிகளின் இலக்கணம்

பரோக் காலத் திருவோவியங்களைப் பற்றி எழுதுவோர், திருச்சபையின் கட்டளையை ஒரு தட்டிலும் ஓவியனின் கையை மறு தட்டிலும் வைத்து, கட்டளையை மீறியவனே பெரிய கலைஞன் என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்பெயினின் செவில் நகரத்துச் சிலுவைப் படங்களை ஊன்றிப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது. அங்கே இலக்கணத்தை முழு மனத்தோடு ஏற்றதிலிருந்தே ஒரு பாணி பிறந்தது. 1563 டிசம்பரில் திரெந்துப் பொதுச்சங்கம் படிமங்களைக் குறித்து விதித்தது கொஞ்சம்தான்: பிழையான போதனை கூடாது, இச்சையைத் தூண்டும் அழகு கூடாது, வழக்கில் இல்லாத உருவத்தை ஆயரின் ஒப்புதலின்றி வைக்கக் கூடாது. ஆணி எத்தனை, பாதம் எப்படி என்பதை அது பேசவில்லை. அந்த வெற்றிடத்தை ஊருக்கு ஊர் தன் போக்கில் நிரப்பியபோதே பள்ளிகள் பிரிந்தன.

செவிலில் நிரப்பியவர் பிரான்சிஸ்கோ பச்சேகோ. வெலாஸ்கெசுக்கு ஆசான், பின்பு மாமனார். 1618இல் சமய விசாரணை மன்றம் திருவோவியங்களைக் கண்காணிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தது. அவர் மறைந்தபின் 1649இல் வெளியான ஓவிய நூலில், கிறிஸ்துவை அறைந்த ஆணிகள் மூன்று அல்ல, நான்கு என்று விரிவாக வாதிடுகிறார். வீண் நுணுக்கம் என்று தோன்றலாம். தூரிகை பிடித்தவனுக்கோ உடலின் நிலையே இதில் அடங்கியிருக்கிறது. மூன்று ஆணி என்றால் ஒரு பாதத்தின்மேல் மறு பாதம் ஏறும். முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும், உடல் முறுக்கிக்கொள்ளும். நான்கு என்றால் இரு பாதங்களையும் பலகைமேல் தனித்தனியே ஊன்றலாம். உடல் நேராக நிற்கும். சுர்பரான் 1627இல் புனித பவுல் மடத்துக்கு வரைந்த படத்திலும், வெலாஸ்கெஸ் 1632ஐ ஒட்டி வரைந்த, இன்று மாட்ரிட் பிராடோவில் உள்ள படத்திலும் இதே நிற்பு. கூட்டம் இல்லை, நிலக்காட்சி இல்லை; இருளில் ஓர் உடல் மட்டும். வெலாஸ்கெசின் கிறிஸ்துவுக்கு முகத்தின் பாதியைச் சரிந்த கூந்தல் மறைக்கிறது. அன்ட்வெர்ப்பில் ரூபன்ஸ் 1610-11இல் தீட்டிய சிலுவை ஏற்றமோ வேறு உலகம்: மரம் மூலைவாட்டில் எழுகிறது, தூக்குவோரின் தசைகள் புடைக்கின்றன. ரூபன்ஸ் நிகழ்ச்சியின் நடுவே நம்மை இழுத்துப்போடுகிறார். செவில் ஓவியர்கள் எல்லாம் முடிந்தபின் தனியே நிற்க வைக்கிறார்கள்.

அப்படியானால் நான்கு ஆணி தானே அமைதியைத் தந்துவிடுமா? தராது. மார்த்தினெஸ் மொந்தாஞேஸ் 1603க்கும் 1606க்கும் இடையே மரத்தில் செதுக்கிய, செவில் பேராலயத்திலுள்ள இரக்கத்தின் கிறிஸ்துவுக்கும் ஆணிகள் நான்குதான். ஆனால் கால்கள் குறுக்கே கிடக்கின்றன. காலடியில் செபிப்பவரை உயிரோடு நோக்கும் கிறிஸ்து வேண்டும் என்பது அந்தப் பணியின் ஒப்பந்தம். வண்ணம் பூசியவர் பச்சேகோவேதான். ஒரே விதி, இருவேறு பக்தி. எதைத் தேர்வது என்பதை விதி முடிவு செய்யவில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு கரவாஜ்ஜோ. அவருடைய ‘கன்னி மரியாளின் மரணம்’ என்ற படத்தை ரோமில் கார்மேல் சபையார் தம் கோயிலுக்கு வேண்டாம் என்றார்கள். ரூபன்ஸ் பரிந்துரைக்க, 1607இல் மாந்துவா கோமகன் வாங்கினார். இங்கே விதி ஒரு கோயிலுக்குப் பேரிழப்பை உண்டாக்கியது, மறுக்க முடியாது. ஆயினும் அத்துறவிகள் குருடர்கள் என்று நான் சொல்லமாட்டேன். உப்பிய உடல், வெறும் பாதம், விண்ணகத்தின் சாயல் துளியும் இல்லாத அறை: ஓவியர் எதை விட்டுவிட்டார் என்பது அவர்களுக்குப் புரிந்துதான் இருந்தது.

செவில் ஓவியர் முரீயோவையும் விதியை மீறியவர் என்று காட்டுவார்கள். அமலோற்பவ அன்னைக்குப் பச்சேகோ வகுத்தது பன்னிரண்டு பதின்மூன்று வயது, வெண்ணிற அங்கி, நீலப் போர்வை, பன்னிரு விண்மீன் முடி, முனைகள் கீழ்நோக்கிய பிறை. முரீயோ பல படங்களில் பிறையை மேல்நோக்கித் திருப்பினார், சிலவற்றில் முடியையே விட்டார். விட முடிந்ததற்குக் காரணம் உண்டு: அதற்குள் அந்த வெண்மையும் நீலமும் செவில் மக்களின் கண்ணில் பதிந்துபோயிருந்தன, யார் இவர் என்று அங்கே எவரும் கேட்கவேண்டியிருக்கவில்லை.