சுண்ணம் தேய்த்த அங்கி

'அம்பிதியோ' என்ற லத்தீன் சொல்லுக்கு முதற்பொருள் சுற்றி வருதல். பதவிக்கு நிற்பவர் ஓட்டுக் கேட்டு ஊரைச் சுற்றுவதை ரோமர்கள் அப்படிச் சொன்னார்கள். நாளடைவில் பதவி ஆசைக்கே அது பெயராயிற்று. வேட்பாளர் தம் அங்கியில் சுண்ணப்பொடி தேய்த்துப் பளிச்சென்று வெளுத்துக்கொண்டு பொதுமன்றத்துக்கு வருவார். பக்கத்திலேயே ஓர் அடிமை. எதிரில் வருபவரின் பெயரைக் காதோடு சொல்வது அவன் வேலை. பெயர் சொல்லிக் கைபிடித்து நலம் விசாரித்தால் யாருக்குத்தான் மனம் குளிராது!

அதிகாரம் பற்றி ரோமில் எழுதியவர்களில் பலர் இந்த அங்கியை உடுத்தியவர்கள். அதனால்தான் அவர்கள் எழுத்து இன்றும் சுடுகிறது.

பழைய குடியரசு மனிதரின் நல்ல மனத்தை நம்பி இருக்கவில்லை. கான்சல் பதவிக்கு இருவர், காலம் ஓராண்டு, ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். நெருக்கடிக்கென்று அமர்த்தும் சர்வாதிகாரிக்கும் ஆறே மாதம். சின்சினாட்டஸ் 16ஆம் நாளே பதவியை விட்டு ஏர் பிடிக்கப் போனார் என்பது அவர்கள் சொல்லிச் சொல்லி மகிழ்ந்த கதை. வேலி இருந்தும் பயிர் மேயப்பட்டது. கி.மு. 63இல் கான்சலாக இருந்த சிசரோ, ஓட்டுக்குப் பணம் கொடுப்பவருக்குப் பத்தாண்டு நாடுகடத்தல் என்று சட்டம் கொண்டுவந்தார். அதே ஆண்டு அந்தக் குற்றச்சாட்டில் மாட்டிய மூரேனாவுக்காக வாதாடி விடுவித்தவரும் அவரே!

தத்துவப் பள்ளிகளில் எபிகூரியர்களுக்கு இது எளிய கணக்கு: அரசியல் பக்கமே போகாதே. தேர்தல்தோறும் தோற்றுத் திரும்புகிறவனை, மலைமேல் பாறை உருட்டும் சிசிபஸாகவே கண்டார் லுக்ரீஷியஸ். ஸ்டோயிக்குகளோ உள்ளே போய்த் திருத்தப் பார்த்தார்கள். நீரோவுக்குக் கருணையைப் பற்றி நூல் எழுதிக் கொடுத்தார் செனெகா, கி.பி. 65இல் அதே நீரோவின் உத்தரவால் தம் நரம்பைத் தாமே அறுத்துக்கொண்டார்.

எனக்கு வரலாற்றாசிரியர்களே நெருக்கம். கி.மு. 146இல் கார்த்தேஜ் அழிந்ததும் ரோமருக்குப் பகை பற்றிய அச்சம் போயிற்று, அச்சம் போனதும் ஒழுக்கம் போயிற்று என்பது சல்லஸ்ட்டின் கட்சி. பதவி ஆசையையும் பண ஆசையையும் அவர் ஒரே தட்டில் வைக்கவில்லை. முன்னது குற்றமானாலும் நற்குணத்துக்குப் பக்கத்து வீடு என்றார். இவரும் உத்தமர் அல்லர். கி.மு. 50இல் செனட்டிலிருந்து நீக்கப்பட்டவர். ஆப்பிரிக்க மாகாணத்தை ஆண்டபோது சுரண்டினார் என்ற பழியும் உண்டு.

டாசிடஸ் தம் பங்கைச் சொல்லும் இடத்தில்தான் வேறுபடுகிறார். கொடுங்கோலன் டொமிஷியன் காலத்தில் படிப்படியாக உயர்ந்தவர்களில் அவரும் ஒருவர். அவன் கொல்லப்பட்டபின், கி.பி. 98 வாக்கில் மாமனார் அக்ரிகோலாவின் வரலாற்றை எழுதினார். ஹெல்விடியஸ் என்ற செனட்டரைச் சிறைக்கு இழுத்துச் சென்ற கொடுமை அதில் வருகிறது. இழுத்தவை யார் கைகள்? டொமிஷியனின் கைகள் என்று அவர் எழுதவில்லை. எங்கள் கைகள் என்று எழுதினார்.