குற்றமும் அதிகாரமும்: செங்கல்பட்டு இருளர் வாழ்விலிருந்து ஒரு பார்வை

குற்றம் என்பது செயலில் இருக்கிறதா, அதைச் செய்பவரின் சமூக இடத்தில் இருக்கிறதா? 1939இல் அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லேண்ட், மதிப்புமிக்க பதவியில் இருப்போரின் குற்றங்களை ஆய்வாளர்கள் கண்டுகொள்வதில்லை என்று சுட்டிக்காட்டினார். அவர் எழுப்பிய சிக்கலைச் செங்கல்பட்டு மாவட்டத்து இருளர் வாழ்விலும் காணலாம்.

தொழில் குற்றமானது

பாம்பு பிடிப்பதில் இருளர் தேர்ந்தவர்கள். அவர்கள் பிடித்த பாம்புகளின் தோல் வணிகர்கள் வழியே பதனிடப்பட்டு ஏற்றுமதியானது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1976இல் வந்த பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அந்த வணிகத்தை முடக்கின. வணிகர் வேறு சரக்குக்கு மாறலாம். பாம்பு பிடிப்பவருக்கோ நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று.

1978இல் ரோமுலஸ் விட்டேகர் போன்றோரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசு அனுமதியுடன் பிடித்து, நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து பாம்புக்கடி மருந்து தயாராகிறது. 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. திறமை பழையது; அனுமதிதான் புதியது. அனுமதிக்கு வெளியே பிடித்தால் அதே கை மீண்டும் குற்றவாளியின் கைதான்.

இதை வைத்து, ஆள்வோர் சொல்வதே குற்றம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தோலுக்காகப் பாம்புகளைக் கொன்று குவித்ததைத் தடுப்பது நியாயமே. தடையின் சுமையை யார் தலையில் ஏற்றினார்கள் என்பதே குறை. மாற்றுவழி தாமதமாக வந்தது. அதுவும் சில நூறு பேருக்கே பயன்பட்டது.

குற்றம் தகராறானது

அதே 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் வந்தது. இம்முறை குற்றவாளி முதலாளி. மூன்றாண்டு வரை சிறையும் 2,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. கடன் கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் பொறுப்பைக்கூடச் சட்டம் கடன் கொடுத்தவர் மீதே வைத்தது.

ஆயினும் வட மாவட்டங்களின் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்ட இருளர் குடும்பங்கள் அண்மைக் காலம் வரை மீட்கப்பட்டுள்ளன. மீட்கப்பட்டவருக்கு வருவாய்த்துறை அதிகாரி விடுவிப்புச் சான்றிதழ் தரவேண்டும். அவர் அதைக் 'கூலித் தகராறு' என்று எழுதிவிட்டால் குற்றமே மறைந்துவிடுகிறது. பையில் பாம்பு இருந்தால் இப்படிப் பெயர் மாற்றி எழுத யாரும் முன்வருவதில்லை.

சட்டம் இயற்றும்போது மட்டுமன்றி, நடந்ததற்குப் பெயர் வைக்கும்போதும் அதிகாரம் செயல்படுகிறது. முதல் தகவல் அறிக்கைகளையும் குற்றப் புள்ளிவிவரங்களையும் கொண்டு ஆய்வு செய்யும் மாணவர்கள் இதை மறக்கலாகாது. அங்கே பதிவானவை பெயர் பெற்ற குற்றங்கள் மட்டுமே. தகராறு என்று எழுதப்பட்டவற்றைத் தேட வருவாய்க் கோட்ட அலுவலகக் கோப்புகளுக்கும் சூளைகளுக்கும் செல்ல வேண்டும்.