செத்த காலேஜில் மூக்கு அளந்த கதை

எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்னைச் சனங்கள் வைத்த பேர் ‘செத்த காலேஜ்’. மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. காலேஜ் வாசலை மிதிக்காதவர்கள் வைத்த பேர். அதில் கேலியும் உண்டு, ஏக்கமும் உண்டு என்பேன்.

பிள்ளைகளோடு போனால் அது வேறு இடமாகிவிடுகிறது. சின்னவன் திமிங்கில எலும்புக்கூட்டை விட்டு நகரவில்லை. ஏழு வயசு மகள் ஆதிச்சநல்லூர்த் தாழி முன்னால் நின்று, “இதுக்குள்ள வச்சவங்க என்ன சாதிப்பா?” என்றாள். நாடு பிள்ளைகளுக்கு எதை முதலில் சொல்லித் தருகிறது, பாருங்கள்.

இந்தக் கேள்வியை இதே நிறுவனமும் கேட்டிருக்கிறது. 1885இல் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், சாதிவாரியாக ஆட்களை நிறுத்தி மண்டையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்தார். பார்ப்பனர் மூக்கும் பறையர் மூக்கும் மில்லிமீட்டர் கணக்காயின. ரங்காச்சாரி துணையோடு அவர் தொகுத்த ஏழு தொகுதிகள் 1909இல் வந்தன. இன்னைக்கும் நம் ஆய்வாளர்கள் அதிலிருந்து எடுத்தெடுத்து எழுதுகிறார்கள். அளவுகோலைப் பற்றி மட்டும் மூச்சு விடுவதில்லை. திருவாலங்காட்டு நடராசர் வெண்கலத்தின் அழகை மட்டும் பக்கம் பக்கமாக எழுதுகிற கலை விமர்சகர்களுக்கோ இந்தக் கணக்கு கண்ணிலேயே படாது.

மகளிடம் நான் சொன்னேன்.

“அளந்து என்னப்பா பண்ணாங்க?” என்றாள்.